சூளையை நாடிய ஓவியர்

1946ஆம் ஆண்டுக் கோடைக்காலம். இரண்டாம் உலகப்போர் முடிந்து ஓராண்டே கடந்திருந்தது. பிரான்சு நாட்டின் தென்கோடியில், மத்தியதரைக்கடலுக்கு அண்மையிலுள்ள வல்லோரிஸ் என்னும் சிற்றூரில் குயவர்களும் கைவினைஞர்களும் தம் படைப்புகளைக் கண்காட்சியாக வைத்திருந்தனர். அருகிலிருந்த கோல்ஃப் ஜுவான் கடற்கரையில் தங்கியிருந்த முதியவர் ஒருவர் அதனைக் காண வந்தார். குட்டையான, கட்டுறுதி வாய்ந்த உடல். எதிரே நிற்பவரை ஊடுருவும் கரிய விழிகள். அகவை அறுபத்து நான்கு. மாதூரா என்னும் மட்கலப் பட்டறையை நடத்திவந்த ஜார்ஜ் ராமியே, சுசான் ராமியே என்னும் இணையர் அவரோடு பேசித் தம் பட்டறைக்கு அழைத்துச் சென்றனர். அங்கே பிசைந்து வைத்திருந்த களிமண்ணைக் கையிலெடுத்த அவர், ஆட்டுக்கொம்பும் மனித முகமும் கொண்ட காட்டுத்தேவன் ஒருவனின் தலையையும் இரண்டு காளைகளையும் சிறிய அளவில் செய்தார். அவற்றை உலரவைத்துவிட்டு விடைபெற்றுச் சென்றார். அவர் பாப்லோ பிக்காசோ.

அடுத்த ஆண்டு கோடையில் அவர் மீண்டும் வந்தபோது, விட்டுச்சென்ற மூன்று உருவங்களும் பக்குவமாகச் சுடப்பட்டு அவருக்காகக் காத்திருந்தன. களிமண்ணோடு அவர் கொண்ட நெடுங்கால உறவு இவ்வாறு தொடங்கியது. வாழ்வின் எஞ்சிய காலத்தில் மூவாயிரத்திற்கும் மேற்பட்ட சுடுமண் படைப்புகளை அவர் உருவாக்கினார். உலகறிந்த ஓவியர் ஒருவர் ஓய்வுபெறும் அகவையில் ஒரு புதிய தொழிலை அடியிலிருந்து ஏன் கற்கத் தொடங்கினார்? அந்தத் தொழிலுக்கும், அதனை நம்பி வாழ்ந்த ஊருக்கும் அதனால் என்ன நேர்ந்தது? இவ்விரு வினாக்களும் பிக்காசோவின் வரலாற்றில் தனித்து ஆராயத்தக்கவை.

தூரிகை வந்த வழி

பிக்காசோ 1881ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 25ஆம் நாள் எசுப்பானிய நாட்டின் மலாகா நகரில் பிறந்தார். தந்தை ஹோசே ரூயிஸ் ஓவிய ஆசிரியர். புறாக்களை வரைவதில் பெருவிருப்பம் உடையவர். வீட்டில் நிறைந்திருந்த புறா ஓவியங்களுக்கிடையே வளர்ந்த சிறுவனுக்குப் பேசத்தொடங்கிய நாள் முதலே எழுதுகோலும் தூரிகையும் விளையாட்டுப் பொருள்களாயின. பிறந்த ஊரான மலாகாவும் மட்கலத்தோடு தொடர்புடையதே. இடைக்காலத்தில் அரேபிய மரபினர் ஆட்சியில் பொன்போல் ஒளிரும் பூச்சுக் கலங்களை வெளிநாடுகளுக்கு அனுப்பிப் புகழ்பெற்ற நகரம் அது.

பார்சிலோனாவில் கலை பயின்ற பிக்காசோ, 1904இல் பாரிசில் நிலையாகக் குடியேறினார். 1907இல் அவர் தீட்டிய 'அவிஞ்ஞோன் நங்கையர்' என்னும் ஓவியம் மேலை ஓவிய மரபையே குலுக்கியது. தொடர்ந்து ஜார்ஜ் பிராக் என்னும் நண்பரோடு சேர்ந்து கனவடிவியம் என்னும் புதிய முறையை வளர்த்தார். ஒரு பொருளின் முன்புறத்தையும் பக்கங்களையும் பின்புறத்தையும் ஒரே தளத்தில் சேர்த்துக் காட்ட முயல்வது அம்முறை. 1937இல் குவெர்னிகா என்னும் எசுப்பானிய ஊர் வானூர்திக் குண்டுகளால் அழிக்கப்பட்டபோது, ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரமும் ஏழே முக்கால் மீட்டர் நீளமும் கொண்ட பேரோவியமாக அக்கொடுமையை வரைந்தார். செருமானியப் படை பாரிசைக் கைப்பற்றியிருந்த ஆண்டுகளிலும் அவர் அந்நகரைவிட்டு அகலவில்லை. தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைக்க இயலாத நிலையில், குளிரும் பஞ்சமும் நிறைந்த அந்நகரிலேயே இருந்து வரைந்துகொண்டிருந்தார்.

புகழ் முழுமையாக வந்து சேர்ந்த பிறகும் கைத்தொழில் வல்லாரிடம் மாணவராக அமர்வதற்கு அவர் தயங்கியதில்லை. இரும்பைப் பற்றவைத்துச் சிற்பம் செய்யும் நுட்பத்தைத் தம் நாட்டவரான ஜூலியோ கொன்சாலெசிடம் கற்றார். கல்லச்சு நுட்பத்தைப் பாரிசிலிருந்த மூர்லோவின் அச்சகத்தில் தொழிலாளர்களோடு நாள்தோறும் நின்று பழகினார். ஆகவே வல்லோரிசில் நிகழ்ந்தது திடீரென்று தோன்றிய ஆசையன்று. நெடுநாள் வழக்கத்தின் தொடர்ச்சியே அது. ஆயினும் கல்லும் இரும்பும் தராத ஓர் இடர்ப்பாட்டைக் களிமண் அவருக்குத் தந்தது.

அணையும் நிலையிலிருந்த சூளைகள்

வல்லோரிசின் மண், நெருப்பைத் தாங்கும் இயல்புடையது. உரோமானியர் காலத்திலேயே அங்கே மட்கலம் வனையப்பட்டது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கொள்ளைநோயால் ஆளற்றுக் கிடந்த அவ்வூரில் இத்தாலியின் ஜெனோவாப் பகுதியிலிருந்து குடும்பங்கள் பல குடியேற்றப்பட்டன. அவர்களுள் குயவர்களும் இருந்தனர். அன்று முதல் அடுப்பில் ஏற்றும் பானையும் கைப்பிடி வைத்த சட்டியுமே அவ்வூரின் பிழைப்பு. சுற்றியுள்ள மலைகளில் வெட்டிய பைன் விறகு சூளைகளில் எரிந்தது. வல்லோரிஸ் சட்டியில் சமைக்காத வீடு தென்பிரான்சில் அரிது என்னும் அளவுக்கு வணிகம் தழைத்தது.

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. வார்ப்பிரும்புப் பாத்திரமும் அலுமினியப் பாத்திரமும் கடைகளுக்கு வந்தன. கீழே விழுந்தால் உடையாத பாத்திரம் கிடைத்தபின் மண்சட்டியைத் தேடுவோர் குறைந்தனர். பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தந்தையின் சக்கரத்தைப் பிள்ளைகள் தொட மறுத்தனர். நம் ஊர்களிலும் மண்பானைக்கு நேர்ந்ததை அறிந்தவர்களுக்கு இது புதிய கதையன்று. போருக்குப்பின் ஒருசில பட்டறைகளே மூச்சு விட்டுக்கொண்டிருந்தன.

அவற்றுள் ஒன்றே மாதூரா. லியோன் நகரின் கவின்கலைப் பள்ளியில் பயின்ற சுசான், கணவரோடு 1938இல் அதனைத் தொடங்கினார். அவ்வூரின் பழைய சமையற்கலங்களின் வடிவங்களை ஆராய்ந்து, அவற்றின் எளிமை கெடாமல் புதிய கலங்களை உருவாக்கினார். பிக்காசோவின் பெயரோடு சேர்த்தே மாதூராவை இன்று பலரும் நினைக்கின்றனர். ஆனால் அவர் காலடி வைப்பதற்கு முன்பே அப்பட்டறைக்கென ஒரு தனித்தரம் இருந்தது. அது சுசானின் உழைப்பு. அந்தத் தரம் இல்லையேல் அவ்வோவியர் அங்கே நின்றிருக்கமாட்டார்.

கண்ணுக்குத் தெரியாத வண்ணம்

1947ஆம் ஆண்டுக் கோடையில், கலங்களுக்கான வரைபடங்கள் பலவற்றோடு பிக்காசோ வந்து சேர்ந்தார். பட்டறையின் ஒரு பகுதி அவருக்கென ஒதுக்கப்பட்டது. அன்று முதல் நாள்தோறும் வந்தார். இடுப்புவரை வெற்றுடம்பு, அரைக்காற்சட்டை, கையெல்லாம் மண். முதல் ஓராண்டுக் காலத்திலேயே அவர் கைப்பட்ட கலங்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் என்பர்.

ஓவியர் துணியில் வண்ணம் தீட்டும்போது சிவப்பு சிவப்பாகவே தெரியும். பிடிக்கவில்லையெனில் அதன்மேல் வேறு வண்ணம் பூசலாம். மட்கலத்தில் அவ்வாறு இயலாது. கலத்தின்மீது பூசப்படுபவை பெரும்பாலும் உலோக ஆக்சைடுகள். செம்பின் ஆக்சைடு சூளையிலிருந்து பச்சையாக வெளிவரும், கோபால்ட்டு நீலமாகும், மாங்கனீசு ஊதா கலந்த பழுப்பையோ கருமையையோ தரும். ஆனால் பூசும் வேளையில் இவற்றின் நிறம் இறுதி நிறத்தைக் காட்டுவதில்லை. மேலே பூசப்படும் மெருகுப்பூச்சோ வெண்பொடிப் படலம்போல் வரைந்ததையெல்லாம் மறைத்துவிடும். ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியசு வெப்பத்தில் அது உருகிக் கண்ணாடியாக மாறிய பிறகே அடியிலுள்ள கோடு கண்ணுக்குப் புலப்படும். பூச்சின் கனம், கலம் சூளையில் இருந்த இடம், நெருப்பின் வேகம், புகையின் அளவு ஆகிய ஒவ்வொன்றும் நிறத்தை மாற்றும்.

அதாவது ஓவியர் தாம் காணாத ஒன்றை மனத்தில் கண்டு வரையவேண்டும். வரைந்ததை நெருப்பிடம் ஒப்படைத்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். அறுபது ஆண்டுகளாகத் தம் கண்ணையும் கையையும் மட்டுமே நம்பியிருந்த மனிதருக்கு இது கடினமான பாடம். சூளை திறக்கும் நாளில் எதிர்பார்த்த நீலம் கரித்திட்டாக மாறியிருக்கலாம். கலமே வெடித்துப் போயிருக்கலாம். பிக்காசோ என்னும் பெயருக்காக நெருப்பு இரக்கம் காட்டுவதில்லை. எதிர்பாராத அழகு வாய்த்த கலங்களும் அதே சூளையிலிருந்துதான் வந்தன.

அவர் விதிகளைக் கற்றார். கற்றவுடன் மீறவும் தொடங்கினார். சூளைக்குச் செல்லுமுன் பச்சைமண்ணைக் கீறினார். மெழுகால் கோடுகளை வரைந்து, அவ்விடங்களில் மெருகு ஒட்டாதவாறு தடுத்தார். மண்கரைசலைத் தூரிகையால் தடவியதோடு விரலாலும் வழித்தார். மெருகிட்ட இடத்தையும் மெருகிடாத இடத்தையும் ஒரே கலத்தில் அருகருகே வைத்தார். இவ்வாறு வேலை செய்யும் புதிய பயிலுநர் ஒருவருக்கு அந்நாளில் எந்தப் பட்டறையிலும் இடம் கிடைத்திராது. பழுத்த குயவர்கள் முதலில் திகைத்தனர், பின்னர் வியந்தனர். ஆகாது என்று தலைமுறை தலைமுறையாக ஒதுக்கிய சில வழிகள் உண்மையில் ஆகக்கூடியவை என்று அவர்கள் கண்டனர்.

மற்றொருவர் கை

பிக்காசோவின் கலங்களைப் பற்றிப் பேசுவோர் பலரும் எளிதில் கடந்துசெல்லும் செய்தி ஒன்று உண்டு. அவர் சக்கரத்தில் வனையவில்லை. வனைதல் ஆண்டுக்கணக்கில் பழகிக் கைவரப்பெறும் தொழில். மாதூராவில் அதனைச் செய்தவர் தலைமை வனைஞரான ஜூல் அகார். பிக்காசோ தாளில் வரைந்த வடிவத்தைக் கண்டு, அதனைச் சுழலும் மண்ணில் எழுப்பித் தந்தவர் அவரே. வழக்கமான குடமும் குவளையும் அல்லாமல், ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தவேண்டிய விந்தையான வடிவங்களையும் ஓவியர் கேட்டார். அகார் சலிக்காமல் வனைந்து தந்தார்.

வனைந்த கலம் ஈரம் முழுதும் உலராமல் இருக்கும் சிறுபொழுதே பிக்காசோவின் நேரம். நீண்ட கழுத்துள்ள குப்பி ஒன்றை அகார் வைத்துவிட்டு நகர்வார். பிக்காசோ அதன் வயிற்றை இரு கைகளாலும் அமுக்குவார். கழுத்தை மடக்கி வளைப்பார். அடிப்பகுதியைக் கிள்ளித் தட்டையாக்குவார். சில நொடிகளில் குப்பி மறைந்து அமர்ந்திருக்கும் புறா தோன்றும். ஈரம் கூடியிருந்தால் மண் குழைந்து சரியும். குறைந்திருந்தால் மடிக்கும் இடத்தில் விரிசல் விடும். அகார் வனைந்த சுவரின் கனம் சீராக இருந்ததால்தான் அந்த மடிப்பு உடையாமல் நின்றது. புறாவைக் கண்டு வியந்தவர்கள் பிக்காசோவைப் புகழ்ந்தனர். அப்புறாவின் உடலுக்குள் இருந்த காற்றை வளைத்து மூடிய கைகள் அகாருடையவை.

இவ்வாறே நெடிய குவளைகள் பெண்ணுருவங்களாயின. பழங்கிரேக்கத்தின் தனாக்ரா ஊரில் கண்டெடுக்கப்பட்ட சுடுமண் பாவைகளின் நினைவு அவற்றில் உண்டு. இரு கைப்பிடிக் குடத்தில் அவர் பெண்ணை வரைந்தால் கைப்பிடிகள் இடுப்பில் ஊன்றிய கைகளாகிவிடும். உருண்டைக் குடம் ஆந்தையாகும். 1946இல் ஆந்தீப் நகரில் காலில் காயம்பட்ட சிறு ஆந்தை ஒன்றைப் பேணி வளர்த்தவர் அவர். அதன் முறைத்த பார்வை அவருடைய கலங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. நீள்வட்டத் தட்டு, காளைப்போர் நிகழும் அரங்காகும். தட்டின் விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பார்வையாளர் கூட்டம். குழிந்த நடுப்பகுதியில் காளையும் வீரனும். தட்டின் வடிவமே இங்கே அரங்கின் வடிவமாகிவிடுகிறது.

இளமையில் அவர் வளர்த்த கனவடிவியத்தை இங்கே நினைவுகூர்தல் தகும். உருண்ட பொருளின் எல்லாப் பக்கங்களையும் தட்டையான துணியில் ஒருங்கே காட்டுவதே அன்று அவர் எடுத்துக்கொண்ட முயற்சி. குடத்தில் அச்சிக்கல் தலைகீழாகிறது. வரையும் தளமே வளைந்து செல்கிறது. ஓரிடத்தில் நின்று முழு ஓவியத்தையும் காண இயலாது; கலத்தைச் சுற்றி நடக்கவேண்டும். ஒருபுறம் சிரிக்கும் முகம் மறுபுறம் கூந்தலாகவோ முதுகாகவோ முடியும். நாற்பது ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய தேடலுக்கு மறுமுனையிலிருந்து ஒரு வழி கிடைத்தது.

உடைந்தவற்றையும் அவர் விடவில்லை. அடிகருகிய சமையற்சட்டியின் ஓட்டுத்துண்டு, சூளைக்குள் கலங்களைத் தாங்கும் வளைந்த ஓடு, உடைந்த செங்கல், தரை ஓடு எனக் குயவர் குப்பையில் எறிந்தவற்றைப் பொறுக்கி எடுத்து அவற்றில் முகங்களை வரைந்தார். சட்டித்துண்டின் கைப்பிடி மூக்காகியது.

ஒன்று பலவாதல்

1948ஆம் ஆண்டு நவம்பரில், பாரிசில் நடைபெற்ற கண்காட்சியில் அவருடைய சுடுமண் படைப்புகள் ஏறத்தாழ நூற்றைம்பது முதன்முறையாகப் பெருமளவில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. கருத்துகள் பலவாறு பிரிந்தன. குவெர்னிகாவைத் தீட்டிய கை தட்டுகளில் மீனும் ஆடும் வரைவதா என்று சிலர் முகம் சுளித்தனர். முதியவரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கியவர்களும் உண்டு. ஓவியமும் சிற்பமும் உயர்கலை, மட்கலம் கைத்தொழில் என்னும் பாகுபாடு மேலைநாடுகளில் ஆழ வேரூன்றியிருந்தது. அந்தப் பாகுபாட்டைப் பற்றிப் பிக்காசோ நெடிதாக வாதிடவில்லை. அடுத்த கலத்தைக் கையிலெடுத்தார்.

இப்படைப்புகளில் அவர் தேடிய பயன் ஒன்று கருதத்தக்கது. அவர் 1944இல் பிரெஞ்சுப் பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்தவர். அவருடைய ஓவியங்களோ பெருஞ்செல்வர்கள் மட்டுமே வாங்கக்கூடிய விலையில் இருந்தன. சந்தைக்கு வரும் எளிய மனிதரும் வாங்கி வீட்டில் வைக்கக்கூடிய படைப்பு மட்கலத்தில் இயலும் என்று அவர் எண்ணினார். ஆகவே தம் கலங்களைப் படியெடுத்து விற்க மாதூராவுக்கு ஒப்புதல் அளித்தார். 1947 முதல் 1971 வரை 633 வகையான கலங்கள் இவ்வாறு படியெடுக்கப்பட்டன. சில வகைகளில் இருபத்தைந்து படிகள், சிலவற்றில் ஐந்நூறு.

படியெடுத்தலில் இருமுறைகள் இருந்தன. ஒன்று, பட்டறைக் கலைஞர் மூலக்கலத்தை எதிரே வைத்துக்கொண்டு வடிவத்தையும் வண்ணத்தையும் அப்படியே கையால் திரும்பச் செய்தல். மற்றொன்று, பிக்காசோ உலர்ந்த சுதை அச்சில் உருவத்தைச் செதுக்கித் தர, அதன்மேல் ஈரக்களிமண்ணை அழுத்திப் பதிவெடுத்தல். மரக்கட்டையில் செதுக்கித் தாளில் அச்சிடுவதற்கு இது மிக நெருக்கமானது. ஒவ்வொன்றின் அடியிலும் மாதூராவின் முத்திரை பொறிக்கப்பட்டது. பிக்காசோவின் கை நேரடியாகப் படாத தட்டை அவருடையது எனலாமா என்னும் வினா அன்றே எழுந்தது, இன்றும் தீரவில்லை. சிற்பி செய்த மண்ணுருவை வேறொருவர் வெண்கலத்தில் வார்த்தால் அது சிற்பியின் படைப்பாகவே மதிக்கப்படுகிறது. அந்த நியாயத்தைத் தட்டுக்கு மட்டும் மறுப்பதற்குக் காரணம் இருப்பதாகத் தெரியவில்லை.

ஊரும் ஓவியரும்

1948இல் வல்லோரிசிலேயே 'லா கல்வாஸ்' என்னும் சிறிய வீட்டை வாங்கிப் பிக்காசோ குடிபுகுந்தார். உடன் வாழ்ந்த ஓவியர் பிரான்சுவாஸ் ஜிலோவும் மகன் கிளோடும் அவரோடு இருந்தனர். 1949 ஏப்ரலில் மகள் பிறந்தாள். அவ்வாண்டு பாரிசில் கூடிய உலக அமைதி மாநாட்டின் சுவரொட்டிக்கு அவர் வரைந்த புறாவே தெரிந்தெடுக்கப்பட்டிருந்தது. மகளுக்கும் எசுப்பானிய மொழியில் புறா என்று பொருள்படும் பலோமா என்னும் பெயரே இடப்பட்டது. தந்தையின் துணியில் அமர்ந்திருந்த புறாக்கள் அறுபது ஆண்டுகளுக்குப்பின் மகனின் களிமண்ணிலும் சுவரொட்டியிலும் வந்து இறங்கின.

அவ்வூரில் கைவிடப்பட்ட பழைய தொழிற்கூடம் ஒன்றை 1949இல் வாங்கிச் சிற்பக்கூடமாக்கினார். வீட்டிலிருந்து அங்கே செல்லும் வழியில் குப்பைமேடு ஒன்று இருந்தது. பட்டறைகளின் உடைசல்களும் ஊரின் பழம்பொருள்களும் அங்கே கிடந்தன. 1950இல் அவர் செய்த புகழ்பெற்ற வெள்ளாட்டுச் சிற்பத்தின் விலாவெலும்பு ஒரு பிரம்புக்கூடை. முதுகு ஒரு பனைமட்டை. பால்மடி இரண்டு மண்கலங்கள். அடுத்த ஆண்டு செய்த குரங்குச் சிற்பத்தின் முகம் மகனின் இரண்டு பொம்மை மகிழுந்துகள். வயிறோ உருண்டைப் பானை. இவற்றை வெண்கலத்தில் வார்த்தபின்னும் உள்ளிருக்கும் பானையைக் கண் எளிதில் அடையாளம் காணும்.

ஊருக்கு அவர் செய்ததும் சிறிதன்று. 1943இல் பாரிசில் உருவாக்கிய 'ஆட்டைச் சுமக்கும் மனிதன்' என்னும் வெண்கலச் சிற்பத்தை வல்லோரிசுக்குக் கொடையாகத் தந்தார். 1950இல் அது சந்தைச் சதுக்கத்தில் நிறுவப்பட்டது. ஊரார் அவரைத் தம் மதிப்புறு குடிமகனாக ஏற்றனர். ஆண்டுதோறும் நடைபெற்ற மட்கலக் கண்காட்சிகளுக்குச் சுவரொட்டிகள் செய்து கொடுத்தார். அதற்காக அவ்வூர் அச்சக உரிமையாளர் இதால்கோ அர்னேராவோடு சேர்ந்து லினோலியத் தகட்டில் செதுக்கி அச்சிடும் நுட்பத்தையும் பழகினார். எழுபதை எட்டிய அகவையில் அவர் ஏற்ற மற்றொரு மாணவப் பருவம் அது. ஊரின் பழைய கோட்டைக்குள் இருந்த சிற்றாலயத்தின் வளைந்த சுவர்களுக்கெனப் போரையும் அமைதியையும் எதிரெதிரே வைத்து 1952இல் தீட்டிய பேரோவியங்கள் இன்றும் அங்கே உள்ளன.

பிக்காசோ தங்கிய செய்தி பரவியதும் மக்கள் வல்லோரிசுக்குத் திரண்டனர். ஷகால் முதலிய ஓவியர்கள் மாதூராவில் கலம் செய்யப் பழகினர். இளைஞர்கள் பலர் வந்து பட்டறை தொடங்கினர். மூடியிருந்த சூளைகளில் மீண்டும் புகை எழுந்தது. ஆயினும் வளர்ச்சியின் மறுபக்கத்தையும் காண்பதே நேர்மை. பயணிகளுக்கென மலிவான அழகுப்பொருள்கள் கடைத்தெருவை நிறைத்தன. பிக்காசோவின் கோடுகளைப் போலச்செய்த கலங்களும் பெருகின. தொழில் பிழைத்தது. ஆனால் அடுப்பில் ஏற்றுவதற்காக வனைந்த பழைய சட்டி, அலமாரியில் வைப்பதற்கான கலமாக மாறிப் பிழைத்தது.

போரால் அழிந்த மற்றோர் இடத்திற்கும் அவருடைய கலங்கள் சென்றன. இத்தாலியின் ஃபாயென்சா நகரிலிருந்த பன்னாட்டு மட்கல அருங்காட்சியகம் 1944இல் குண்டுவீச்சுக்கு இரையானது. நூற்றாண்டுகளைக் கடந்த அரிய கலங்கள் ஒரே நாளில் ஓடுகளாயின. அதனை மீண்டும் எழுப்ப முனைந்த இயக்குநர் கயெத்தானோ பல்லார்தீனி உதவி வேண்டியபோது, அமைதிப் புறா தீட்டிய தட்டு உள்ளிட்ட கலங்களைப் பிக்காசோ அனுப்பிவைத்தார். ஓவியங்களைச் சேர்க்கும் அருங்காட்சியகங்கள் பல அவரைத் தேடி வந்த காலம் அது. குயவர்களின் கலங்களுக்கென்றே அமைந்த ஓர் இடத்தில் தம் தட்டு இருப்பதை அவர் விரும்பினார் என்பதே குறிக்கத்தக்கது.

இறுதி ஆண்டுகள்

அவரோடு வாழ்வது எளிதாக இருக்கவில்லை. மண்ணிடம் காட்டிய பொறுமையை அவர் வீட்டாரிடம் காட்டியதில்லை. 1953இல் பிரான்சுவாஸ் பிள்ளைகளோடு அவரைவிட்டு நீங்கினார். மாதூராவின் விற்பனைப் பிரிவில் பணியாற்றிய ஜாக்குலின் ரோக் பின்னர் அவருக்குத் துணையானார். 1961இல் அவர்களின் திருமணம் வல்லோரிசிலேயே நடந்தது.

1955இல் பிக்காசோ அருகிலுள்ள கான் நகருக்கும், பின்னர் முஜான் என்னும் ஊருக்கும் குடிபெயர்ந்தார். களிமண் அவரைப் பின்தொடர்ந்தது. 1957இல் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் டேவிட் டக்ளஸ் டங்கன் எடுத்த படங்கள் சிலவற்றில் முதிய ஓவியர் உணவுமேசையில் அமர்ந்து மீன் உண்ணுகிறார். சதையை நுணுக்கமாக அகற்றி முடித்ததும், எலும்புக்கூட்டை முழுமையாகக் கையிலெடுக்கிறார். அதனை ஈரக்களிமண்ணில் அழுத்திப் பதிவெடுத்து, அப்பதிவைத் தட்டின்மேல் பொருத்துகிறார். சற்றுமுன் உண்ட மீன் மீண்டும் தட்டுக்கே வந்துவிட்டது. அந்த ஒளிப்படங்களில் காணும் எழுபத்தைந்து அகவையரின் முகத்தில், புதிய விளையாட்டைக் கண்டுபிடித்த சிறுவனின் கவனம் இருக்கிறது.

1973ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள், தம் தொண்ணூற்றொன்றாம் அகவையில், முஜானில் பிக்காசோ காலமானார். அவர் தம்மிடமே வைத்திருந்த கலங்களுள் நாற்பத்தொன்றை ஜாக்குலின் 1982இல் பார்சிலோனாவிலுள்ள பிக்காசோ அருங்காட்சியகத்திற்கு வழங்கினார். மாதூராப் பட்டறை ராமியே குடும்பத்தாரின் பொறுப்பில் 2007 வரை நடைபெற்றுப் பின் மூடப்பட்டது. பட்டறையில் எஞ்சியிருந்த பிக்காசோவின் கலங்கள் 2012ஆம் ஆண்டு சூனில் இலண்டனில் ஏலம் விடப்பட்டன. ஏறத்தாழ 80 இலட்சம் பவுண்டு திரண்டது. எளிய மனிதர் வாங்கவேண்டும் என்று படியெடுத்த தட்டுகளைச் செல்வர்கள் போட்டியிட்டு வாங்கினர். 'ஆட்டைச் சுமக்கும் மனிதன்' மட்டும் வல்லோரிசின் சந்தைச் சதுக்கத்திலேயே நிற்கிறது. அதனைக் காண எவரும் காசு தரவேண்டியதில்லை.